செம்புக் கம்பியும் போன் சிரிப்பும்

கருத்தடை மாத்திரை இனி ஒத்துவராது என்று டாக்டர் அவளிடம் சொல்லி ஒரு வாரம் ஆகிவிட்டது.

ஒரு வாரம் காலை ஷிஃப்ட், மறு வாரம் மாலை ஷிஃப்ட் என்று பஸ் ஓட்டுகிறவள் தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை போடுவது நடக்கிற காரியமா? தவறிப்போனது. நாள் தள்ளியது. பிறகு தானாகவே கலைந்து, உடம்பில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தத்தையும் கொண்டுபோனது. முதல் வகுப்பு படிக்கும் மகள் ஒருத்தி இருக்கிறாள். இன்னொன்று இப்போதைக்கு வேண்டாம் என்பதில் வீட்டில் யாருக்கும் சண்டை இல்லை.

சண்டை எல்லாம் எதை வைத்துக்கொள்வது என்பதில்தான். கர்ப்பப்பைக்குள் வைக்கிற சின்ன T. அதில் இரண்டு வகை. ஒன்று செம்புக் கம்பி சுற்றியது. இன்னொன்று கொஞ்சம் கொஞ்சமாக ஹார்மோன் கசியவிடுவது. எது என்று இன்று மத்தியானம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அவள் கணவர், மாஸ்டர், காலையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவர் மோட்டார் வைண்டிங் செய்கிறவர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். பட்டறையில் காயில் மாஸ்டர் என்பார்கள். வீட்டிலும் அந்த மாஸ்டர் ஒட்டிக்கொண்டது.

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எடுத்து, T மாதிரி வளைத்து, ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதோ. இவ்வளவுதான் விஷயம். காப்பர். நான் தினம் கையில புடிக்கிற சாமான். மோசம் பண்ணாது."

"என் வயித்துக்குள்ள என்ன மோட்டாரா ஓடுது?" என்றாள் அவள், யூனிஃபார்ம் பட்டனைப் போட்டுக்கொண்டே.

"ஓடாமத்தான் அவ்வளவு பெரிய வண்டியை இழுக்கிறியா?"

மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக வந்த அண்ணி வாசலில் நின்றார். மாஸ்டரின் அக்கா. வீட்டிலேயே ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கிறவர். மணிக்கட்டில் குண்டூசி குத்திய குட்டித் தலையணை எப்போதும் இருக்கும். வேலை மும்முரத்தில் இரண்டு ஊசி வாயிலும் இருக்கும். இன்று வாய் காலியாக இருந்தது மாஸ்டரின் கெட்ட நேரம்.

"ஏண்டா, கம்பி கம்பின்னு அவ உசுரை வாங்கறதுக்கு, நீ போய் ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணிட்டு வாயேன். அரை நாள் லீவு போட்டா முடிஞ்சுது."

"அக்கா, பொண்ணு முன்னாடி என்ன பேச்சு?"

"அவ ஷூவுக்குள்ள கால் போகலன்னு அழுதுட்டிருக்கா. உன் கதை அவளுக்கு எதுக்கு?"

"நாளைக்கே இன்னொரு குழந்தை வேணும்னு தோணிச்சுன்னா?"

"அதுக்குக் கழட்டி மாட்ட இவ ஒருத்திதான் ஸ்பேர் பார்ட்டா?"

மாஸ்டர் பேச்சை மாற்றினார். "ஹார்மோன்கறது கண்ணுக்குத் தெரியாத சாமான். எங்க போகுது, என்ன பண்ணுதுன்னு யாருக்குத் தெரியும்? காப்பர்னா காப்பர். இருக்கிற இடத்துல இருக்கும்."

ஹார்மோன் என்ற சொல் விழுந்ததும் அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி அவளைப் பார்த்தார். மாஸ்டர் கம்பியின் முனையை நேராக்கிக்கொண்டிருந்தார்.

இந்தத் தொடரை விடாமல் படித்து வருகிறவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும். மகள் பிறந்த சமயம், மாஸ்டர் தொலைதூரத்தில் கப்பல் கட்டும் தளத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தார். பிரசவத்துக்கு வந்து போனதோடு சரி. பச்சைக் குழந்தையோடு தனியாக இருந்த அவளுக்குள் ஏதோ அணைந்துபோனது. பால் வடிந்து சட்டை நனைவது தெரியும், ஆனால் எழுந்திருக்க வராது. குழந்தை அழுவது அடுத்த வீட்டு ரேடியோ மாதிரிக் கேட்கும். ஒரு நாள் குழந்தையைக் கட்டிலில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய், வந்த பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரைக்கும் போனாள். அந்தப் பக்கமாக வந்த அண்ணிதான் அழுகுரல் கேட்டுக் குழந்தையைத் தூக்கியது. குழந்தை நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தது அண்ணி வீட்டில்தான்.

மாஸ்டருக்கு எதுவும் தெரியாது. "அவனுக்குச் சொன்னா வேலையை விட்டுட்டு ஓடி வருவான். வந்து என்ன பண்ணுவான்? உன்னைப் பாத்து அழுவான்" என்றார் அண்ணி அன்று. அப்படியே விட்டுப்போனது. பிறகு சொல்ல ஒரு நல்ல நாள் வாய்க்கவே இல்லை.

செம்பு வைத்தால் ரத்தப்போக்கு கூடும் என்கிறார்கள். இருப்பதையே தாங்க முடியவில்லை. ஹார்மோன் வைத்தால் அது திரும்பி வந்துவிடுமோ என்று பயம். முன்னால் போனால் முட்டுகிறது, பின்னால் போனால் உதைக்கிறது.

"சரி, பட்டறைக்கு வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

~

டிரைவர் சீட்டின் மேல் கறுப்புத் துண்டை நான்காக மடித்துப் போட்டுக்கொண்டு ஓட்டுவது அவளுக்குப் பழக்கம். மாதத்தில் அந்த நாட்களில் மட்டும்.

கழிப்பறை இருப்பது வழித்தடத்தின் இரண்டு முனையிலும்தான். நடுவில் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிப் போட்டு, சாலை பாதியாகி இருந்தது. வண்டி நகரவில்லை. பிரேக்கை மிதித்தபடி இருந்தவளுக்கு உடம்புக்குள் சூடாக ஒரு சரிவு. இரட்டையாக வைத்த நாப்கினும் போதவில்லை. கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் வெள்ளைப் பூச்சி பறந்தது.

வண்டியை ஓரங்கட்டிக் கைப்பிரேக் போட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

எதிரில் இருந்தது குளியலறைச் சாமான் கடை. வாசலிலிருந்து பின்சுவர் வரைக்கும் வெள்ளை வெளேரென்று கழிப்பறைக் கோப்பைகள் வரிசையாக நின்றன. ஒன்றுக்கும் தண்ணீர் கிடையாது.

"பாத்ரூம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, கேட்ட கேள்வியை நினைத்து அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

கல்லாவில் இருந்த பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "பின்னாடி வாங்க. நாங்க போறது ஒண்ணு இருக்கு. தாழ்ப்பாள் சரியா விழாது, நான் வெளிய நிக்கிறேன்."

அவள் திரும்பி வந்தபோது பஸ்ஸுக்குள் கச்சேரி களைகட்டியிருந்தது.

"என்னம்மா, டைல்ஸ் விலை விசாரிச்சாச்சா?" என்றார் முன் சீட்டு மனிதர்.

"வீடு கட்டறாங்க போலிருக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஜன்னலோரத்தில் கோப்புக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பாமலே சொன்னார். "உங்களுக்கு முட்டிக்கிட்டு வந்தா எந்தச் சுவர்னாலும் சரி. அவங்க கடைக்குள்ள கேட்டுட்டுப் போனா உங்களுக்குக் கதையா?"

முன் சீட்டு மனிதர் செல்போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார்.

டிப்போவிலிருந்து வயர்லெஸ் கரகரத்தது. "வண்டி ஏன் நின்னுச்சு?"

"கதவு மாட்டிக்கிச்சு சார். சரியாயிடுச்சு."

"எல்லா வண்டியிலயும் கதவு எப்பவாவது மாட்டும். நீ எடுக்கிற வண்டிக்கு மட்டும் மாசாமாசம் மாட்டுது."

அவள் முதல் கியர் போட்டாள். பின்னால் இத்தனை பேர். கண் இருட்டிக்கொண்டு வந்தால் காலுக்கடியில் பிரேக் எது, ஆக்ஸிலேட்டர் எது?

~

பட்டறையில் மாஸ்டர் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்.

ஓடுகிற மோட்டாரின் உடம்பில் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவர் கேட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. மோட்டாரைக் கொண்டுவந்தவர் டாக்டர் வாயைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காயில் நல்லாத்தான் இருக்கு. பின்பக்க பேரிங் போச்சு. இன்னும் ஒரு மாசம் சிரிச்சுக்கிட்டே ஓடும், அப்புறம் படுத்துடும்."

"பிரிக்காமலே சொல்றீங்க."

"சத்தம் சொல்லுதே."

அவள் வாசலில் நின்று பார்த்தாள். இவ்வளவு காது இருக்கிற மனுஷன். அந்த மாதங்களில் தினமும் ராத்திரி போன் பண்ணுவார். சாப்டியா, குழந்தை தூங்குதா, என்ன பண்ணிட்டிருக்கே. அவளும் பேசினாள். அவர் ஏதாவது தமாஷ் சொன்னால் சிரித்தாள். அவ்வளவு தூரத்துக்கு எந்த ஸ்க்ரூடிரைவர் எட்டும்?

"ஜோடியா கிளம்பியாச்சு. சினிமாவா மாஸ்டர்?" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

"சர்வீசுக்கு" என்றார் மாஸ்டர், கையைத் துடைத்துக்கொண்டே. அவள் முழங்கையால் இடித்தாள்.

~

டாக்டர் அம்மாள் மேஜை மேல் இரண்டையும் வைத்தார். இரண்டும் தீக்குச்சியை விடக் குட்டை. ஒன்றின் தண்டில் செம்பு மின்னியது. இன்னொன்று வெள்ளையாக, விளையாட்டுச் சாமான் போல் இருந்தது.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். "எத்தனை கேஜ் கம்பி டாக்டர்?"

"அது எங்களுக்குப் பாடத்துல வரலைங்க."

"நல்லா நெருக்கமாத்தான் சுத்திருக்காங்க." அவருக்கு வேலை பிடித்திருந்தது. தன் பையிலிருந்த கம்பி T-யை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அவர் அவளைப் பார்த்துப் பேசினார். "ரெண்டுமே கர்ப்பம் தரிக்காம நல்லாத் தடுக்கும். ரெண்டையுமே நீங்க எப்ப வேண்டாம்னாலும் எடுத்துடலாம், அப்புறம் குழந்தையும் உண்டாகும். காப்பர்ல மருந்து எதுவும் கிடையாது. பத்து வருஷம் வரைக்கும்கூட வேலை செய்யும். ஆனா தீட்டு கூடலாம், வலியும் கூடலாம், முக்கியமா முதல் சில மாசம். இன்னொண்ணுல ஒரு ஹார்மோன் இருக்கு. அது பெரும்பாலும் கர்ப்பப்பையிலயே வேலை செய்யும், ரத்தத்துல கலக்கறது கொஞ்சம்தான். அதுவும் பல வருஷம் இருக்கும். முதல்ல கொஞ்ச நாள் முன்ன பின்ன சொட்டுச் சொட்டாப் படும். அப்புறம் தீட்டு ரொம்பக் குறைஞ்சிடும். சிலருக்கு நின்னே போகும். நின்னாலும் கெடுதல் இல்ல."

"நிக்கறதா?" என்றார் மாஸ்டர். "அப்ப உள்ள சேருமே டாக்டர்."

"எதுவும் சேராதுங்க. உருவாகறதே குறைவு. உருவாகாதது எங்க போய்ச் சேரும்?"

டாக்டர் போன வாரத்து ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். "உங்களுக்கு ரத்தம் ரொம்பக் குறைவா இருக்கும்மா. ஒண்ணு கேக்கணும். தலைவலி, மார்புல வலி, முகப்பரு இதெல்லாம் ஹார்மோன்ல சிலருக்கு வரும். சிலபேர் மனசு சரியில்லாமப் போச்சுன்னும் சொல்றாங்க. உங்களுக்கு முன்னாடி எப்பவாவது, பிரசவத்துக்கு அப்புறம், மனசு ரொம்பச் சோர்ந்துபோய் இருந்ததுண்டா?"

"சேச்சே" என்றார் மாஸ்டர். "இவளா? இரும்பு டாக்டர். நான் ஊர்ல இல்லாதப்ப ஒத்தை ஆளா குழந்தையைப் பாத்துக்கிட்டவ. தினம் போன்ல பேசுவேன். ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்ல."

பெருமையாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு நெஞ்சில் இடித்தது.

"நான் அவங்களைக் கேட்டேன்" என்றார் டாக்டர்.

அவள் மேஜை மேலிருந்த வெள்ளை T-யைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர்."

டாக்டர் உடனே பேனாவை எடுக்கவில்லை. பிறகு, "அடுத்தவங்களைப் பாத்துட்டுக் கூப்பிடறேன். வெளிய உக்காந்து ரெண்டு பேரும் பேசுங்க" என்றார்.

~

காத்திருக்கும் இடத்தில் கூட்டம். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. மாஸ்டர் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"பாத்தியா, பத்து வருஷம். நான் சொன்னேன்ல? தீட்டு கூடும்னா இரும்புச் சத்து மாத்திரை போட்டா போச்சு. லோடு தாங்கற உடம்பு உனக்கு."

"இன்னிக்கு நடு ரோட்டுல வண்டியை நிறுத்திட்டு ஓடினேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு சொல்லணுமா?"

அவர் கையிலிருந்த கம்பி T-யைப் பெஞ்சின் மேல் வைத்தார்.

"இன்னும் கூடுச்சுன்னா நான் வண்டி ஓட்ட முடியாதுங்க. தலை சுத்துது. பின்னாடி அத்தனை பேர் உக்காந்திருக்காங்க."

"அப்ப அந்த ஹார்மோனையே போட்டுக்க. நானா வேண்டாங்கறேன்? காலையில எதுக்குப் பேசாம இருந்த?"

"அதைப் போட்டுக்கப் பயமா இருக்கு."

"ஏம்மா, ரெண்டும் வேணாம்னா எப்படி? என்ன பயம்?"

சொல்லிவிட்டாள். பெரிதாக அழவில்லை. ரூட் மாற்றம் அறிவிக்கிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். எழுந்திருக்க வராதது. குழந்தை அழுகை தூரத்தில் கேட்டது. பஸ் ஏறியது.

"ஒரே ஒரு நாள்தான்" என்றாள். "கடைசி ஸ்டாப்புல எல்லாரும் இறங்கிட்டாங்க. டிரைவர் திரும்பிப் பாத்து, எங்க போகணும்மான்னு கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியல. உலகத்துலயே எங்க போறோம்னு தெரிஞ்ச ஆளு இவர் ஒருத்தர்தான்னு தோணிச்சு. திரும்பி அதே வண்டியிலயே வந்தேன்."

மாஸ்டர் படிக்கட்டின் கைப்பிடியைப் பார்த்தார்.

"பொண்ணு எங்க இருந்தா?"

"கட்டில்ல."

"தனியா?"

"அண்ணி வந்துட்டாங்க."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பொண்ணுக்குச் சளி, காத்துப்படக் கூடாது, அதான் என் வீட்டுல வச்சிருக்கேன்னு சொன்னாளே."

"ஆமா."

"எனக்கு மட்டும்தான் தெரியாது." திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். எழுந்து நின்றார். "தண்ணி குடிச்சிட்டு வரேன்."

அவர் இறங்கும் சத்தம் கேட்டது. நர்ஸ் மேலே இருந்து கூப்பிட்டாள்.

~

இந்த முறை அவள் தனியாக உட்கார்ந்தாள்.

"டாக்டர், முன்னாடி கேட்டீங்கள்ல. நான் இல்லன்னு சொன்னேன். இருந்துச்சு."

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். "எத்தனை நாள் அப்படி வெளிய போனீங்க?" என்று கேட்டபோது அவள் "ஒரு நாள்" என்றாள். தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றியதா, இப்போது தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்றும் கேட்டார். அவள் தெரிந்ததைச் சொன்னாள்.

"அப்பவே இங்க வந்திருந்தா வைத்தியம் பண்ணிருக்கலாம். அது வியாதிம்மா, உங்க தப்பு இல்ல. அப்படி இருந்தவங்க ஹார்மோன் வச்சுக்கக் கூடாதுன்னு இல்ல. நிறையப் பேர் வச்சுக்கிட்டு நல்லாத்தான் இருக்காங்க. உங்களுக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. வந்தா எடுத்துடலாம். காப்பர்தான் வேணும்னா, தீட்டைக் குறைக்க மாத்திரை சேத்துத் தரலாம். ஆனா இந்த ரத்தத்தோட அதை வைக்க எனக்குத் தயக்கமா இருக்கு. ரெண்டும் இன்னிக்கு வேணாம்னாலும் சரி. ஆணுறை போட்டுக்கச் சொல்லுங்க, யோசிச்சுட்டு வாங்க."

அவள் யோசித்தாள். கடைக்குப் பின்னால் விழாத தாழ்ப்பாள். வெள்ளைப் பூச்சி. கோப்புக்கட்டு அம்மாள்.

"மனசுக்குள்ள வந்தா இதை எடுத்துடலாம். வண்டி ஓடறப்ப கண்ணு இருட்டினா எதை எடுக்கறது? ஹார்மோனே வைங்க டாக்டர்."

"சரி. ஒண்ணு மட்டும். முதல் சில மாசம் வீட்டுல ஒருத்தர் உங்களைக் கவனிக்கணும். சோர்வு வந்தா சில சமயம் நமக்கே தெரியாது, பக்கத்துல இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். யார் பாத்துப்பாங்க?"

அண்ணி என்று வாய் வரைக்கும் வந்தது.

"என் வீட்டுக்காரர்" என்றாள்.

உள்ளறையில் படுக்கச் சொன்னார்கள். இருமச் சொன்னார்கள். இருமும்போது அடிவயிற்றை யாரோ உள்ளிருந்து கிள்ளித் திருகியதுபோல் ஒரு வலி. பல்லைக் கடித்தாள். அதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள். கொஞ்ச நேரம் படுக்க வைத்து, தலை சுற்றவில்லை என்றதும் எழுப்பினார்கள். தாங்க முடியாத வலி, காய்ச்சல், நாற்றமான வெள்ளைப்போக்கு ஏதாவது இருந்தால் உடனே வரச் சொன்னார்கள். இல்லாவிட்டால் சில வாரம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தால் போதும்.

வெளியே வந்து படித் திருப்பத்தைப் பார்த்தாள். பெஞ்சு காலி. அதன் மேல் அந்தச் செம்புக் கம்பி T மட்டும் கிடந்தது.

போன் அடித்தது. அண்ணி.

"என்னம்மா சொன்ன அவன்கிட்ட? இங்க வந்து படியில உக்காந்திருக்கான். உள்ள வாடான்னா வரல. தண்ணி குடுத்தா வேணாங்கறான். பொண்ணு வேற, அப்பா ஏன் வெளியவே உக்காந்திருக்கார்னு கேக்கறா."

"எல்லாம் சொல்லிட்டேன் அண்ணி."

அந்தப் பக்கம் உறுமிக்கொண்டிருந்த தையல் மிஷின் மோட்டார் நின்றது.

"சரி. மெதுவா வா" என்றார் அண்ணி.

~

வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஓட்டுகிறவர் தெரிந்தவர்தான். "என்னக்கா, டிக்கெட் வாங்கிட்டுப் போற அளவுக்கு வந்துட்டீங்க" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

டிரைவர் ஆன பிறகு பயணியாக உட்கார்வதே அபூர்வம். கண்ணாடியில் தலையைச் சாய்த்ததும் உடம்பு தளர்ந்தது. அப்படியே உட்கார்ந்திருக்கலாம் போல இருந்தது. அந்தச் சுகம் அவளுக்குப் பழக்கமான சுகம். திடுக்கென்று நிமிர்ந்தாள். அண்ணி வீட்டு நிறுத்தத்துக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருக்கும்போதே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீக்கிரமே மணியும் அடித்தாள்.

"நீங்களே இப்படிப் பண்ணினா எப்படிக்கா?" என்றார் டிரைவர்.

மாஸ்டர் படியில்தான் இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவள் மெதுவாக உட்கார்ந்தாள்.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"எது?"

"ஹார்மோன்."

தலையை ஆட்டினார். அவள் கம்பி T-யை அவர் கையில் கொடுத்தாள். அதை வாங்கி, நேராக்கி, மறுபடி வளைத்தார்.

"உன்னைத் தனியா விட்டுட்டு வந்திருக்கக் கூடாது. கால் தன்னால இறங்கிடுச்சு."

"அது எனக்குத் தெரியாத சமாச்சாரமா?"

அவர் லேசாகச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"டாக்டர் ஒரு ஆள் என்னைக் கவனிச்சுக்கணும்னாங்க. சில மாசத்துக்கு. உங்களைச் சொல்லிட்டேன்."

"என்னையா?" கம்பி நின்றது. "தினம் ராத்திரி பேசினேனே. நீ சிரிச்ச. நல்லா ஞாபகம் இருக்கு. ஷெட்டுல எல்லாரும் தூங்கினப்புறம் வெளிய வந்து உன் சிரிப்பைக் கேட்டுட்டுத்தான் படுப்பேன். அது யாரு அப்ப?"

"நான்தான்."

"பொய்யா?"

"பொய் இல்லீங்க. அந்த அஞ்சு நிமிஷம் சிரிக்கறதுக்காக ஒரு நாள் பூரா சேத்து வைப்பேன். போனை வச்சதும் தீந்துடும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். மோட்டாரைப் பார்க்கிற பார்வை இல்லை. முன்பின் தெரியாத சாமானை முதல்முதலாகக் கையில் எடுத்தவன் பார்வை.

"மோட்டார்னா ஸ்க்ரூடிரைவரை வச்சுக் கேட்டுடுவேன்" என்றார். "உனக்கு எங்க வச்சுக் கேக்கறது?"

"தெரியல. நீங்க கேளுங்க. நான் சிரிச்சாலும் விடாதீங்க. இன்னொரு தடவை கேளுங்க."

கதவு திறந்தது. அண்ணி நின்றார், வாயில் இரண்டு குண்டூசி. உள்ளே மகள் திரைத்துணியைப் போர்த்திக்கொண்டு யாரோடோ விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் திரும்பாமலே கேட்டார். "ஏன்க்கா எனக்குச் சொல்லல?"

அண்ணி வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"ஒரு நாள்தானே போயிட்டா. ஒரு நாள் தப்புக்கு இத்தனை வருஷமா என்னை வெளிய நிக்க வச்சிட்டீங்களே ரெண்டு பேரும்."

அண்ணி வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டுத் தலையணையில் குத்தினார். அவர் பார்வை தம்பி மேல் இல்லை, அவள் மேல் இருந்தது. கோபம் இல்லாத பார்வை.

"ஒரு நாளா?" என்றார் அண்ணி மெதுவாக. "டாக்டர்கிட்டயும் அப்படியா சொன்ன? உனக்கு அந்த ஒரு நாள்தான் ஞாபகம் இருக்கா கண்ணு?"